தருமபுரியில் ஆர்ட்டெமிசியா நாடகம்: பாதி அபாரம், பாதி எரிச்சல்

நோட்டீஸில் மாலை 6 மணி என்று போட்டிருந்தது. நானும் அம்மாவும் பாலக்கோட்டிலிருந்து நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே முக்கால். உள்ளே நாடகக்காரப் பெண் ஒருத்தி ஏணிமேல் நின்று ஒரு வெள்ளை வேட்டியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் திரையாம், படம் காட்டும் ஸ்கிரீனும் அதுவேதானாம். ஆரம்பித்தது 6.50க்கு. டிக்கெட் 150 ரூபாய், மாணவர்களுக்கு 50. கல்யாண மண்டபம் என்பதால் நாற்காலிக்குப் பஞ்சமில்லை, ஆனால் எதைப் பேசினாலும் எதிரொலிக்கிறது, பின்சுவருக்கு வெளியே ஜெனரேட்டர் வேறு. நாங்கள் உட்கார்ந்தது கடைசியிலிருந்து மூன்றாவது வரிசை. முதல் பத்து நிமிடம் யாருக்கு யார் என்ன உறவு என்பதே காதில் விழவில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதையும் சொல்லிவிடுகிறேன்: மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம், இடைவேளை கிடையாது, நான் ஒரு தடவைகூட போனைத் தொடவில்லை.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அதனால் இதில் கொஞ்சம் தொழில் புத்தி எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா வேறு ரகம், சிறு வயதிலிருந்து பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தே வளர்ந்தவர். "இதுவும் கூத்தா கண்ணு?" என்று பஸ்ஸில் கேட்டார். "கூத்து மாதிரிதான், ஆனா இத்தாலிக்காரி கதை" என்றேன். "எந்த ஊர்க்காரியா இருந்தா என்ன, தூக்கம் வராம இருந்தா சரி."

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1593இல் ரோமில் பிறந்த ஓவியர். அப்பா ஒராசியோவும் ஓவியர்தான். பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட, தம்பிகளோடு அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்து தொழில் கற்றார். 1611 மே மாதம், அப்பாவோடு சேர்ந்து சுவரோவிய வேலை செய்துகொண்டிருந்த அகொஸ்தினோ தாஸி என்பவன் அவரைப் பலாத்காரம் செய்தான். பிறகு கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து மாதக்கணக்கில் இழுத்தடித்தான், இத்தனைக்கும் அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள். 1612இல் அப்பா போப் ஐந்தாம் பவுலுக்கு மனுக் கொடுத்தார். வழக்கு ஏழு மாதம் நடந்தது. அந்த விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத்தர் எழுதிவைத்த தாள்கள் இன்றும் ரோம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாடகத்தின் முக்கால்வாசி அந்தத் தாள்களிலிருந்து வந்ததுதான், அதுவே இதன் பலம்.

அந்தத் தாள்களில் ஒரு விசேஷம், நீதிபதியின் கேள்விகள் லத்தீனில் இருக்கும், சாட்சியின் பதில்கள் இத்தாலியத்தில் இருக்கும். இதை மேடையில் கொண்டுவர இவர்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. நீதிபதி, கூத்தில் ராஜா வருகிற மாதிரியே, இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னாலிருந்து காலை மட்டும் காட்டி, அடவு போட்டு, அப்புறம் முகம் காட்டுகிறார். பேசுவதெல்லாம் "கன்னிகையே, யாது நிமித்தம் இச்சபையில் வந்து நிற்கின்றனை" ரக வசனம். ஆர்ட்டெமிசியா பதில் சொல்வது நம் பேச்சில்: "அன்னைக்கு மழைங்க. நான் உள்ளாற ஒக்காந்து படம் வரைஞ்சிக்கிட்டு இருந்தனுங்க." நடுவில் கட்டியக்காரன். அவன்தான் எழுத்தர். கையில் தாள்கட்டு, காதில் பேனா, அவள் அழும்போதும் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறான். கூத்தில் கட்டியக்காரன் வந்தாலே சிரிக்கப் பழகிய கூட்டம் முதலில் சிரித்தது, கால் மணி நேரத்தில் அவனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

வேண்டாத சிரிப்பு ஒன்றும் வந்தது. வில்லன் பெயர் தாஸி. "தாஸி இல்லத்துள் புகுந்தனன்" என்று நீதிபதி கர்ஜிக்க, பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் "எந்த தாசிங்க?" என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப்பேர் கதையையே வேறு மாதிரி புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அகொஸ்தினோ என்றே கடைசிவரை கூப்பிட்டிருக்கலாமே ஐயா. தமிழில் நாடகம் போடுகிறவர்களுக்கு இது ஒத்திகையிலேயே உறைத்திருக்க வேண்டாமா?

மழை நாளன்று நடந்ததை ஆர்ட்டெமிசியா சாட்சியத்தில் சொல்லியிருப்பது அப்படியே மேடைக்கு வருகிறது. மாடியில் குடியிருந்த தூட்சியா என்ற பெண்ணின் பையனை வரைந்துகொண்டிருக்கிறார். தாஸி உள்ளே வருகிறான். "இவ்வளவு வரையாதே, இவ்வளவு வரையாதே" என்று சொல்லிக்கொண்டே வண்ணத்தட்டையும் தூரிகைகளையும் பிடுங்கி எறிகிறான். தூட்சியாவைப் பார்த்து, நீ வெளியே போ என்கிறான். அவள் போய்விடுகிறாள். அதற்கு மேல் நடந்த எதையும் அவர்கள் நடித்துக் காட்டவில்லை, விளக்கை அணைத்துவிட்டு அவர் குரலை மட்டும் விட்டார்கள், அதற்காகவே அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு. விளக்கு மறுபடி வந்தபோது தூரிகைகள் தரையில் சிதறிக் கிடந்தன. வழக்கு முழுக்க அங்கேயேதான் கிடந்தன. நீதிபதி தாண்டிப் போகிறார், அப்பா தாண்டிப் போகிறார், கட்டியக்காரன் ஒன்றை மிதித்து வழுக்கிக்கூடப் போனான் (அது நடிப்பா நிஜமா தெரியவில்லை), ஒருவரும் எடுக்கவில்லை.

அப்பாவின் மனுவை வாசிக்கிற இடமும் அருமை. அந்த மனுவில் மகளுக்கு நடந்த கொடுமையோடு, வீட்டிலிருந்து கொண்டுபோன ஓவியங்களைப் பற்றிய புகாரும் சேர்ந்தே இருக்கிறது, அதிலும் யூதித்து என்ற விவிலியப் பெண்ணின் பெரிய அளவிலான ஒரு படம். பாழானதையும் பறிபோனதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார் மனுஷன். அந்தக் காலச் சட்டத்தில் இது பெண்ணுக்கு நேர்ந்த காயம் என்பதைவிடக் குடும்ப மானத்துக்கு, அதாவது அப்பாவுக்கு, வந்த நஷ்டம். ஒராசியோவாக நடித்தவர் அந்த வரியில் குரலை உயர்த்தவே இல்லை, மளிகை லிஸ்ட் வாசிப்பதுபோல் வாசித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

எழுத்தர் முன்னிலையில் இரண்டு மருத்துவச்சிகள் ஆர்ட்டெமிசியாவைப் பரிசோதித்ததைக் கட்டியக்காரன் ஒற்றை வரியில் படித்துவிட்டுத் தாளைப் புரட்டுவான். நானூறு வருஷம் முந்திய கதைதானே என்று அசட்டையாக இருக்க முடியவில்லை. இங்கே பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு இரண்டு விரல் பரிசோதனை செய்கிறவர்கள் ஒழுங்கீனம் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று நம் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் கயிறு. சாட்சி சொல்வது உண்மைதானா என்று சோதிக்க அந்த நீதிமன்றம் விரல்களில் கயிறு சுற்றி முறுக்கியது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அந்தச் சோதனை இல்லை, புகார் சொன்னவளுக்குத்தான், அதுவும் விரலால் பிழைக்கிற ஓவியருக்கு. மேடையில் சாதாரணச் சணல் கயிறு, மாடு கட்டுகிற வீட்டில் கிடப்பது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தாளம் மட்டும் மெதுவாக ஒலிக்கிறது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறுக்கு. அவர் சொல்கிறார்: "உண்மை. உண்மை. உண்மை. சொன்னதெல்லாம் உண்மை." தாளம் வேகமாகிறது. கயிற்றில் கட்டிய கையை அவன் பக்கம் நீட்டி, "இதுதான் நீ எனக்குப் போட்ட மோதிரம், இதுதான் நீ கொடுத்த வாக்கு" என்கிறார். இது நாடகக்காரர்கள் கற்பனை பண்ணிய வசனம் அல்ல, ஆவணத்தில் அவர் வாயிலிருந்து வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பொறுக்க முடியாமல் "டேய், விரல விடுங்கடா" என்று எழுந்தே விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலி துகில் காட்சியில் எங்கள் ஊரில் பெண்கள் இப்படித்தான் எழுவார்கள்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

தீர்ப்பு வந்தபின் ஆர்ட்டெமிசியா யூதித்து படத்தை வரைகிற காட்சி. கத்தோலிக்க விவிலியத்தில் வருகிற கதை அது, தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரினை யூதித்து என்ற விதவை அவன் கூடாரத்துக்கே போய்த் தலையை வெட்டிக் கொண்டுவருகிறாள். படுகளம் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத கதையா என்ன, மண்ணில் துரியோதனனைக் கிடத்தி, பாஞ்சாலி கூந்தல் முடிவதை வருஷா வருஷம் பார்க்கிறோமே. மேடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நடிகை தலையை விரித்துப் போட்டு, கத்திக்கொண்டே இரண்டு கையாலும் குங்குமத்தை அள்ளி வேட்டித் திரைமேல் வீசினார். பறை முழங்கியது, சிவப்பு விளக்கு, கைதட்டல் பிய்த்துக்கொண்டது. நான் தட்டவில்லை.

அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். நேப்பிள்ஸில் ஒன்று இருக்கிறது, ஐந்தடி உயரம், சில ஆண்டுகள் கழித்து அவரே மறுபடி வரைந்தது ஃபுளோரன்ஸில் உஃபிஸி காட்சியகத்தில் இருக்கிறது. அதில் யூதித்து கத்தவில்லை, முகத்தில் வெறி இல்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, ரத்தம் மேலே தெறிக்காதபடி உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, கையை நேராக நீட்டி வெட்டுகிறாள், பெரிய மீனை அறுக்கிறவள் முகத்தில் இருக்குமே ஒரு கவனம், அது. கரவாஜியோவும் இதே காட்சியை அவருக்கு முன்பு வரைந்திருக்கிறார், அதில் வேலைக்காரி சுருக்கம் விழுந்த கிழவி, துணியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள், யூதித்து ஏதோ அருவருப்பாகத் தள்ளி நிற்பாள். ஆர்ட்டெமிசியா படத்தில் வேலைக்காரி இளம்பெண், அவன்மேல் பாரத்தைப் போட்டு அமுக்கிப் பிடித்திருக்கிறாள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு முரட்டு ஆளை அசையாமல் பிடிக்க முடியும் என்று யோசித்து வரைந்த படம் அது. இருட்டுப் பின்னணி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம், படுக்கை விரிப்பில் ரத்தம் இறங்குகிற கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி. இதையெல்லாம் வெறி பிடித்து அள்ளி வீசி வரைய முடியாது. எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காயும்வரை காத்திருந்துதான் அடுத்த பூச்சு. சிவப்புக்குமேல் மெல்லிய சிவப்பு, அதற்குமேல் இன்னொன்று. நாள்கணக்கில் உட்கார வேண்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் மன்றாடுவது இந்தப் பொறுமைக்குத்தான்.

இன்னொன்று, அவருடைய 'சூசன்னாவும் முதியோரும்' 1610ஆம் ஆண்டுப் படம். இரண்டு கிழவர்கள் குனிந்து ஒரு பெண்ணை மிரட்டுகிறார்கள், அவள் உடம்பை முறுக்கிக் கையால் தடுக்கிறாள். தாஸி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, பதினேழு வயதில் வரைந்தது. ஆக, அவனால்தான் அவருக்கு ஓவியம் வந்தது என்கிற மாதிரி ஒரு கதையைச் சொன்னால் அவனுக்கல்லவா பெருமை சேர்க்கிறோம்? தரையில் கிடந்த தூரிகையை எடுக்கும் இடம் இதுதான் என்று ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன், கடைசியில் குங்குமத்தை அள்ளுகிறார்கள்.

அதே காட்சியில் ஒரு நல்ல விஷயமும் இருந்ததை மறைக்கக் கூடாது. மாடிவீட்டுத் தூட்சியாவாக வந்த பெண்ணேதான் படத்துக்குள் வேலைக்காரியாகவும் வந்தார். அன்றைக்கு எழுந்து வெளியே போனவள், படத்தில் மட்டும் கூடவே நின்று அமுக்கிப் பிடிக்கிறாள். இதற்கு ஒரு வசனமும் வைக்கவில்லை. எனக்குப் புரிவதற்கு முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, "அப்பவே இப்படி வந்து புடிச்சிருந்தா இந்தக் கதையே இல்லியே கண்ணு" என்றார்.

நாடகம் அங்கேயே முடிகிறது, கடைசியில் வேட்டித் திரையில் ஒரு வாசகம்: "ஒரு பெண்ணால் என்ன முடியும் என்று தங்களுக்குக் காட்டுகிறேன்." அவர் எழுதியதுதான், ஆனால் எழுதியது 1649இல், சிசிலியில் இருந்த அந்தோனியோ ருஃபோ என்ற பிரபுவுக்கு. வழக்கு முடிந்து முப்பத்தேழு வருஷம் கழித்து! நடுவில் எவ்வளவு இருக்கிறது: வழக்கு முடிந்த கையோடு கல்யாணம், ஃபுளோரன்ஸுக்குக் குடிபெயர்வு, விசாரணையின்போது எழுதத் தெரியாது என்று சொன்னவர் அங்கே எழுதக் கற்றது, 1616இல் அந்த ஊர் ஓவியக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண், கலிலியோவோடு பழக்கம், பிறகு நேப்பிள்ஸ், லண்டனில் முதலாம் சார்லஸ் அரண்மனையில் வேலை, மறுபடி நேப்பிள்ஸ். நாடகத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

அந்த ருஃபோ கடிதங்கள் பெரும்பாலும் கூலிப் பேச்சு என்பதுதான் எனக்கு ருசியான விஷயம். படத்தில் எத்தனை உருவம், உருவத்துக்கு என்ன விலை, குறைத்துக் கேட்காதீர்கள், முன்பணம் அனுப்புங்கள். ஒரு கடிதத்தில், இனிமேல் யாருக்கும் முன்கூட்டி மாதிரி வரைந்து அனுப்ப மாட்டேன் என்கிறார், ஏனென்றால் ஒரு பிஷப் தன்னிடம் மாதிரியை வாங்கிக்கொண்டு, செலவு குறையும் என்று படத்தை வேறொரு ஓவியரிடம் வரையச் சொல்லிவிட்டாராம். இதைப் படித்த அன்று நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நாலு வருஷம் முன்பு ஒருவர் தன் கட்டடச் சுவருக்கு யானை, அருவி, மாந்தோப்பு என்று என்னிடம் ஆறு மாதிரிகள் வாங்கிக்கொண்டு போனார், சம்பளம் பேச வருகிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போகும்போது சுவரில் என் யானை நிற்கிறது, தும்பிக்கை மட்டும் கோணல். வேறொரு பெயின்டர், பாதிக் கூலி. பொருளும் வழக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்த ஆர்ட்டெமிசியாவை மேடையில் காட்டினால் நாலு பேராவது என்னை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முடிந்ததும் கலந்துரையாடல் என்றார்கள். பாதிக் கூட்டம் பஸ்ஸுக்கு எழுந்தது, நாங்கள் இருந்தோம். முதல் கேள்வியே "அவனுக்கு என்ன தண்டனைங்க?" இயக்குநர் சொன்னார்: ஐந்து வருஷம் கடுங்காவல் வேலையா, ரோமைவிட்டு வெளியேறுகிறாயா என்று கேட்டார்கள், வெளியேற்றம் என்றான், அதையும் யாரும் ஒழுங்காக அமல்படுத்தவில்லை, திரும்பி வந்துவிட்டான். மண்டபத்தில் ஒரு "த்சொ". கொஞ்ச நேரம் நடிப்பு, ஒப்பனை என்று பேச்சு போனது. பிறகு அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்தார். "வாச்சாத்தின்னு ஒரு வார்த்தை எங்கயாச்சும் வரும்னு பார்த்தேன், வரல" என்றார், உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் அது மனசில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி மாவட்ட நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பர் 29. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023, அதே செப்டம்பர் 29. முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் சொல்லாமலே பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துத்தான் விட்டோம் என்றார் இயக்குநர். எனக்கு அது சரியென்றுதான் பட்டது, இத்தாலிக் கதையை இத்தாலியிலேயே விட்டதால்தான் கயிற்றுக் காட்சியில் அவ்வளவு அமைதி. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "சொன்னா என்ன, யாரு தடுக்கப் போறா" என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கிளம்பும் முன் அம்மா இயக்குநரிடம் நேராகப் போய், "தம்பி, எல்லாம் நல்லா இருந்துச்சு. அந்தக் குச்சிங்கள மட்டும் கடைசி வரைக்கும் யாரும் எடுக்கலியே" என்றார். அவர் ஒரு நிமிடம் முழித்து, "அடுத்த ஷோவுல பார்க்கிறோம்மா" என்றார். அந்தப் பக்கம் நடிகைதான் துடைப்பத்தோடு குங்குமத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து கிருஷ்ணகிரி, அப்புறம் ஓசூர் என்று சொன்னார்கள். போங்கள், 150 ரூபாய்க்குத் தகும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், அதற்கு மேலே இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். படங்களைப் புரொஜெக்டரில் வேட்டிமேல் காட்டுகிறார்கள், சுருக்கத்தில் யூதித்துக்கு மூக்கே இல்லை, ஆகவே முதல் நாளே போனில் படத்தைப் பார்த்துவிட்டுப் போவது உத்தமம். முடிந்தால் குழுவினர் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து வைக்கலாம், காதுகுத்துக்கே பத்தடிக்கு அடிக்கிறோம். முன்வரிசையில் உட்காருங்கள்.